வரிசையின் கடைசிப் பெயர்

அன்று ஊற்றிய தண்ணீர் கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

நுமயா கையில் மண்குவளையோடு அப்படியே குந்தியிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். உள்ளறைத் தரைக்கல்லில் பதித்திருந்த களிமண் குழாயின் வாயில் தண்ணீரைச் சரித்தால், அது குழாயின் சுவரை நக்கிக்கொண்டே இறங்கி, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருட்டில் எங்கேயோ காணாமல் போய், பிறகு ஆழத்தில் இருக்கும் கல்தொட்டியில் ளொடக்கென்று விழும். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து அடுப்புப் பக்கம் போவாள். கீழே இருப்பவர்கள் குடித்துவிட்டார்கள், இனி மேலே இருப்பவர்கள் சாப்பிடலாம் என்று அர்த்தம்.

தரைக்கு அடியில் கல்லறை இருந்தது. மாமனாரின் தகப்பன் இல்தானு, மாமனார் கல்பு, அவள் புருஷன் முனஹிமு. உகாரித் பட்டணத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மேலே இருப்பவர்கள் சமைப்பார்கள், கீழே இருப்பவர்கள் காத்திருப்பார்கள். சூரியத் தாய் மேற்கே கடலுக்குள் இறங்கி, இரவெல்லாம் செத்தவர்களின் ஊர் வழியாக நடந்துபோகிறாள். அவள் இறங்குகிற நேரம் பார்த்துப் பெயர் சொன்னால் அவளே கொண்டுபோய்ச் சேர்ப்பாள். பெரியவரில் தொடங்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்.

இல்தானுவுக்கு ஊற்றியபோது சத்தம் கேட்டது. கல்புவுக்குக் கேட்டது. முனஹிமுவுக்கும் கேட்டது. கடைசிப் பெயருக்கு ஊற்றியதுதான் விழவில்லை. அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாக வரிசையில் சேர்த்திருந்தாள்.

நுமயா குனிந்து குழாயின் வாயில் காதை வைத்தாள். எப்போதும் அதிலிருந்து வரும் பழைய எண்ணெய் வாடையும் ஈரக்கல் வாடையும் இல்லை. வெதுவெதுப்பாக ஏதோ வந்தது. பிறகு மிக மெதுவாக, யாரோ வாய் நிறைய வாங்கி ஒரே மடக்காக விழுங்குகிற சத்தம்.

அவளுக்குப் பயத்தைவிட முந்திக்கொண்டு அழுகை வந்தது.

"குடிச்சிட்டியா ராசா," என்றாள் குழாயைப் பார்த்து. "குடி. நாளைக்கும் தரேன்."

*

அவள் மகன் யசிரான் துடுப்புப் போடுகிறவன். போன வருடமும் மழை இல்லை, அதற்கு முந்தின வருடமும் இல்லை. மழைக்காரன் பாகாலை மரணத்தின் ராசன் மோத் விழுங்கிவிட்டான், இனி அவன் வயிற்றிலிருந்து பாகால் எழுந்து வந்தால்தான் மேகம் என்று ஊரே பேசிக்கொண்டது. அரண்மனை, தானியம் வாங்கிவரக் கப்பல் அனுப்பியது. யசிரான் போன கப்பல் திரும்பவில்லை. பின்னால் வந்த கப்பல்காரர்கள், அலஷியாத் தீவுக்கு அருகில் உடைந்த பலகைகள் மிதந்ததைப் பார்த்தோம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நுமயா துறைமுகத்துச் சாயப் பட்டறையில் சங்கு உடைக்கிறவள். கடல் சங்கைக் கல்லில் வைத்துத் தட்டி, உள்ளிருக்கும் சிறு பையைப் பிய்த்துத் தொட்டியில் போட வேண்டும். அது அழுகி, வெயிலில் வெந்து, ஊதாச் சாயமாகும். ராசாக்கள் உடுத்துகிற நிறம். அதைச் செய்கிறவர்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அவ்வளவு நாற்றம். அவள் கை மணிக்கட்டு வரைக்கும் ஊதா. கழுவினாலும் போகாது.

சங்கு உடைக்கும்போது பெண்கள் பாடுவார்கள். பாகாலை மோத் விழுங்கிய கதையைத்தான் இந்த இரண்டு வருடமாகப் பாடினார்கள். கீழுதட்டை மண்ணில் போட்டு, மேலுதட்டை வானத்தில் முட்டவிட்டு வாயைத் திறப்பானாம் மோத். மேகத்தையும் காற்றையும் கூட்டிக்கொண்டு பாகால் அதற்குள் நடந்துபோனானாம், ஆட்டுக்குட்டி பட்டிக்குள் போகிற மாதிரி. அவன் தங்கை அனாத் காடுமேடெல்லாம் தேடி அலைந்தாளாம்.

"மோத்துக்காவது வயிறு ஒண்ணுதான்," என்றாள் பக்கத்தில் இருந்த ரபானா. "நம்ம மேஸ்திரிக்கு ரெண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நுமயா சிரிக்கவில்லை. ரபானா கல்லைக் கீழே வைத்தாள்.

"ஏன்க்கா, பையனுக்குத் தண்ணி ஊத்திட்டியா?"

"இன்னும் இல்ல. உடம்பு வரல்லியே."

"உடம்புக்கா தாகம்? எம்புருஷன் எந்த மலையில கிடக்கான்னு எனக்குத் தெரியாது. பேரைச் சொல்லி ஊத்தறேன், வந்து குடிச்சிட்டுப் போறான். பேர் சொல்ல ஆளில்லாதவங்க அங்க, செத்தவங்க ஊர்ல, சேத்தை அள்ளித் திங்கறாங்களாம். அது எந்த வரிசையிலயும் சேராத கும்பல்க்கா. நேரா மோத்தோட வாய்க்குள்ள போறது."

நுமயாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. ஒவ்வொரு சங்கைப் பிளக்கும்போதும் உள்ளே சேறு தெரிந்தது.

வீட்டில் மருமகள் ஷிம்தி ஒப்புக்கொள்ளவில்லை. வயிற்றில் பிள்ளை. துக்கத்துக்குத் தலைமுடியை அறுக்க மாட்டேன், சாக்குத்துணி கட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

"அத்தை, அவங்க பலகையைத்தானே பாத்தாங்க. அவரையா பாத்தாங்க?"

"கடல்ல விழுந்தவன் வேற எப்படிடி இருப்பான்?"

"உசிரோட இருக்கறவரைச் செத்தவங்க வரிசையில நிக்கவச்சிக் கூப்பிடுவீங்களா? கூப்பிட்டா போயிருவாரு அத்தை. கூப்பிடாதீங்க."

"கூப்பிடாம விட்டு, அவன் அங்க சேத்தைத் தின்னுக்கிட்டிருந்தா? எம்புள்ளைடி. ஒரு வாய்த் தண்ணி."

ஷிம்தி குடத்தை எடுத்துக்கொண்டு தாழ்ந்த வாசலில் குனிந்து வெளியே போனாள். அந்த வீட்டு வாசல் அப்படி. தலையில் குடம் இருந்தால் முட்டி மடக்கித்தான் நுழையவேண்டும். அவள் கிணற்றில் வரிசை நின்று திரும்புவதற்குள் நுமயா பெயரைச் சொல்லிவிட்டாள்.

*

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கடைசிப் பெயருக்கு ஊற்றிய தண்ணீர் விழவில்லை. குடித்தது.

முதலில் ஒரு வாய். பிறகு ஒரு குவளை. ஊரில் தண்ணீர் அளந்து கொடுத்தார்கள். ஆழ்கிணற்றின் அடியில் கலங்கல்தான் மிச்சம். நுமயா தன் பங்கைக் குடிக்காமல் வைத்திருந்து ஊற்றினாள். ஊற்றுகிற வேகத்தைவிட இழுக்கிற வேகம் கூடிக்கொண்டு வந்தது. குவளையைச் சரிக்கும்போது தண்ணீர் தானாக விழவில்லை, கீழிருந்து யாரோ கயிற்றைப் பிடித்து இழுக்கிற மாதிரி நீண்டு இறங்கியது. குடித்து முடித்ததும் குழாயிலிருந்து ஒரு மூச்சு வரும். வெயிலில் காய்ந்த பாறை மணமும் உப்பு மணமும் அதில் கலந்திருந்தன. கல்லறைக்குள் கடல் எப்படி வந்தது என்று அவள் யோசித்தாள். கடலில் போனவன் அந்த மணத்தோடுதானே வருவான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மனசு அந்தச் சமாதானத்தில் உட்காரவில்லை.

ஏனென்றால் மற்றவர்கள் அப்படிக் குடித்ததில்லை. உயிரோடு இருந்தபோது கல்பு பல் இல்லாத வாயால் சர்ரென்று உறிஞ்சிக் குடிப்பார். முனஹிமு மடக்மடக்கென்று குடித்து, குவளையைக் கீழே வைத்து, "ஹா" என்பான், ஏதோ பெரிய விருந்து சாப்பிட்டவன் மாதிரி. செத்த பிறகு அந்தச் சத்தமெல்லாம் இல்லை. தொட்டியில் தண்ணீர் விழும், அவ்வளவுதான். செத்தவர்கள் சத்தமில்லாமல்தான் குடிப்பார்கள். இது மட்டும் தொண்டையோடு குடித்தது.

"உங்க உதடு வெடிச்சிருக்கு அத்தை," என்றாள் ஷிம்தி ஒரு நாள். "உங்க பங்கு எங்க போகுது?"

நுமயா குழாயைப் பார்த்தாள். ஷிம்தியும் பார்த்தாள்.

"தொட்டி நிறைஞ்சிருக்கணும் இந்நேரம்," என்றாள் ஷிம்தி. குரல் அடங்கியிருந்தது. "இறங்கிப் பாக்கலாமா?"

*

கல்லறையின் மூடுகல்லை நெம்பி நகர்த்தினார்கள். நுமயா விளக்கோடு இறங்கினாள். கர்ப்பிணி கீழே வரக்கூடாது. ஷிம்தி மேலேயே குழாயடியில் குவளையோடு உட்கார்ந்துகொண்டாள்.

படிகளில் கால் வைத்ததுமே குளிர் கணுக்காலைப் பிடித்தது. கல் அடுக்கி மேலே குறுகிக்கொண்டு போகிற கூரை, கை கூப்பிய மாதிரி. விளக்கு வெளிச்சம் சுவரில் ஏறுவதற்குப் பயந்து அவள் கையைச் சுற்றியே நின்றது. ஓரத்தில் எலும்புகள், ஒதுக்கி வைத்தது ஒதுக்கி வைத்தபடி. முனஹிமுவின் மேல் போர்த்திய துணி மண்ணின் நிறமாகியிருந்தது. அதன் பக்கம் திரும்பாமல் தொட்டிக்குப் போனாள்.

தொட்டியின் அடியில் கையளவு தண்ணீர் நின்றது. மூன்று பேருக்கு ஊற்றியது. மகனுக்கு ஊற்றிய குவளை குவளையான தண்ணீர் அங்கே இல்லை. தரையிலும் இல்லை. தரையில் வருடக்கணக்கான தூசி, அதில் அவள் கால்தடம் மட்டும்.

தலைக்கு மேலே கூரையில் குழாயின் கீழ்வாய் தெரிந்தது. கட்டைவிரல் நுழைகிற வட்டம், கறுப்பாக.

"ஊத்து," என்றாள் மேலே பார்த்து. "அவன் பேரைச் சொல்லி ஊத்து."

மேலே குவளை தரைக்கல்லில் உரசியது. பிறகு ஷிம்தியின் குரல், இதுவரை அந்தப் பெயரை அந்த இடத்தில் சொல்லாத குரல், குழாய் வழியாகச் சின்னதாகி இறங்கியது. "யசிரான்."

தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம் நுமயாவுக்குத் தெளிவாகக் கேட்டது. நக்கிக்கொண்டு வந்தது. பாதி தூரம் வந்தது.

நின்றது.

கீழ்வாயில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மேலே போட்டது கீழே வரவில்லை. இரண்டுக்கும் நடுவில், ஒரு முழம்கூட இல்லாத அந்தக் களிமண்ணுக்குள், யாரோ விழுங்கினார்கள்.

அவள் விளக்கைத் தரையில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. கையை உயர்த்தி, ஊதா படிந்த சுண்டுவிரலைக் குழாய்க்குள் விட்டாள்.

ஈரம். சூடு.

விரல் நுனியை இரண்டு உதடுகள் மெதுவாகக் கவ்வின. வெடித்த, தோல் உரிந்த உதடுகள். கடிக்கவில்லை. சப்பின. பிறந்த புதிதில் பால் பற்றாத இரவுகளில் யசிரான் அவள் விரலைச் சப்பின மாதிரியே, இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், இரண்டு இழுப்பு.

மேலே வந்ததும் ஷிம்தி கேட்டாள். "என்ன அத்தை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் நுமயா. "குழாய்ல எங்கயோ விரிசல். மண்ணு குடிக்குது."

அன்றிலிருந்து விரலை எதிலும் துடைக்காமல் வைத்திருந்தாள். அருவருப்பாகவும் இருந்தது. துடைக்கவும் மனசு வரவில்லை.

*

அகிமில்கு வந்தது ஒரு மத்தியானம். யசிரான் போன கப்பலில் துடுப்புப் போட்டவன். அவன் சாயப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது பெண்கள் கல்லைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தான்.

"பயப்படாதீங்க, நான் செத்தவன் இல்ல," என்றான். "பசிக்குது. செத்தவனுக்குப் பசிக்காதுல்ல?"

ரபானா தன் பார்லி ரொட்டியை நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டே நுமயாவைப் பார்த்தான்.

"பெரியம்மா. உங்க பையன் இருக்கான்."

அவள் காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

"கப்பல் உடைஞ்சி ஒரு பாறைத்திட்டுல ஏறினோம். மரம் இல்ல, ஊத்து இல்ல. கையில கிடைச்ச ஒரு தோல்பை தண்ணிதான். ஆளுக்கு நாக்கை நனைச்சிக்கற அளவு. உங்க பையன் தன் பங்கை எடுத்துக்கவே இல்ல பெரியம்மா. எனக்குத் தாகம் இல்லடா, நீங்க குடிங்கன்னு எங்களுக்கே குடுத்துட்டான். அப்படி ஒரு மனசு. செம்பு ஏத்திப் போற சின்னப் படகு ஒண்ணு வந்துச்சு. எல்லாருக்கும் இடமில்ல. எந்திரிக்க முடியாம ரெண்டு பேர் கிடந்தாங்க. நான் இவங்களைப் பாத்துக்கறேன், எனக்குத் தெம்பு இருக்கு, நீங்க போங்கன்னுட்டான். படகுக்காரன் திரும்பப் போய்க் கூட்டியாரேன்னு சாமி மேல ஆணை வச்சிருக்கான். வந்துருவான். உங்க வளர்ப்பு பெரியம்மா."

பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ரபானா அழுதாள். நுமயா தன் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உயிரோடு இருக்கிறான்.

அப்படியானால் குழாய்க்குள் இருந்தது யார்? அவன் பெயரைச் சொன்னதும் வந்து வாயைத் திறந்தது யார்? அவள் தொண்டை காயக் காயத் தன் பங்கையெல்லாம் யாருக்கு ஊற்றினாள்? மோத்தின் வாயைப் பற்றி இரண்டு வருடமாகப் பாடியிருக்கிறாள், சங்கு உடைத்துக்கொண்டே, அதைத் தன் வீட்டுத் தரையில் வைத்துக்கொண்டே.

வீட்டுக்கு ஓடினாள். ஷிம்தி கேட்டதும் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது.

"நான் சொன்னேன்ல அத்தை."

"சொன்னே."

"இன்னிக்குக் கூப்பிடாதீங்க. இனிமே கூப்பிடவே கூப்பிடாதீங்க. அவரு வர்ற வழியில அந்தப் பேரு அவரைத் திருப்பிரும்."

"கூப்பிட மாட்டேன்டி," என்றாள் நுமயா. "சத்தியமா கூப்பிட மாட்டேன்."

*

சூரியத் தாய் கடலைத் தொடுகிற நேரம் இருவரும் உள்ளறையில் உட்கார்ந்தார்கள். இல்தானு. ளொடக். கல்பு. ளொடக். முனஹிமு. ளொடக்.

அதோடு நிறுத்தினாள்.

வாய் பழக்கத்தில் அடுத்த பெயருக்குத் திறந்தது. உதட்டைக் கடித்து மூடிக்கொண்டாள். அறை காத்திருந்தது. அப்படித்தான் இருந்தது. விளக்குத் திரி பொரிந்தது, தெருவில் எவனோ கழுதையைத் திட்டிக்கொண்டு போனான், அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில் குழாய் காத்திருந்தது.

பிறகு உள்ளிருந்து மெல்லிய சத்தம். உதட்டை நாக்கால் தடவுகிற மாதிரி. உலர்ந்த நாக்கு, உலர்ந்த உதடு.

ஷிம்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சாயங்காலமும் அந்தச் சத்தம் வந்தது. அதற்கடுத்த சாயங்காலம் அது முனகல் மாதிரி இருந்தது. கேட்கிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரலும் இல்லை, தூக்கத்தில் பாலுக்கு ஏங்குகிற குழந்தையின் முனகல். நுமயா காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோனாள். இது மோத், என் பிள்ளையின் சத்தத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறான், ஏமாறாதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சுண்டுவிரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் குழாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெதுவெதுப்பு இல்லை. உப்பு மணம் இல்லை. பழைய எண்ணெயும் ஈரக்கல்லும்தான்.

"போயிருச்சு," என்றாள் ஷிம்தி. அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார்கள்.

*

படகு வந்திருக்கிறது என்று சொல்ல யாரும் வரவில்லை. ஷிம்தி கிணற்றுக்குப் போயிருந்தாள். வெயில் தணிந்து தெரு சாம்பல் நிறமாகியிருந்தது. நுமயா பெயர் சொல்லுவதற்குக் குடத்திலிருந்து குவளையில் தண்ணீர் மொண்டபோது வாசல் இருண்டது.

நிமிர்ந்து பார்த்தாள். வாசற்படியில், நிலையில் சாய்ந்து, கால் நீட்டி யசிரான் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா."

அவன் குரல்தான். அவன் தோள்தான், சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் பட்ட தழும்போடு. முகம் மட்டும் காய்ந்த அத்திப்பழம் மாதிரி உள்ளுக்குள் இழுத்திருந்தது. கண்ணில் ஈரம் இல்லை. உதடு வெடித்து, தோல் உரிந்து. அந்த உதட்டை அவள் விரலுக்குத் தெரியும்.

"வந்துட்டியா," என்றாள். கால் நகரவில்லை.

"பாறையில தாகமே தெரியல அம்மா," என்றான் அவன், எதையோ தூரத்தில் பார்த்துக்கொண்டு. "சாயங்காலம் ஆனா மல்லாந்து படுத்து வாயைத் திறப்பேன். நம்ம கிணத்துத் தண்ணி வரும். உன் கை வாசம் அடிக்கும், சங்கு வாசம். நீதான் தரேன்னு தெரியும். அகிமில்குகிட்ட சொன்னா பைத்தியம்னுடுவான்னு சொல்லல."

நுமயாவின் கையிலிருந்த குவளை தளும்பியது.

"அப்புறம் ஒரு நாள் நின்னுபோச்சு," என்றான். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. "வாயைத் திறந்து வச்சிக்கிட்டே இருந்தேன். அம்மாவுக்கு வேலை இருக்கும்னு நினைச்சேன். மறுநாளும் திறந்து வச்சேன். அதுக்கப்புறம் எனக்கு ஞாபகம் இல்ல அம்மா. படகு எப்ப வந்துச்சுன்னுகூட ஞாபகம் இல்ல."

அவள் அவனிடம் போனாள். அதற்கு மேல் பயப்பட அவளுக்குத் தெம்பில்லை. மண்டியிட்டு, அவன் தலையை ஏந்தி, குவளையை உதட்டில் வைத்தாள். தலை கூடைபோல் கனமில்லாமல் இருந்தது.

அவன் குடித்தான். விழுங்கவில்லை. தொண்டை அசையவில்லை. தண்ணீர் உள்ளே போனது, ஒரு மூச்சு நேரம் காணாமல் போனது, பிறகு அவனுக்குள் மிக ஆழத்தில், கல்லின் மேல் விழுந்தது.

ளொடக்.

திறந்த வாயிலிருந்து பழைய எண்ணெய் வாடை வந்தது. ஈரக்கல் வாடை.

"பேரைச் சொல்லும்மா," என்றான். "எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

அவள் சொன்னாள். அந்த நேரத்தில் அதைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியவில்லை. "இல்தானு," என்று சொல்லி ஊற்றினாள். அவன் வாய் வழியாக யாரோ குடித்தார்கள், அவள் பார்த்திராத யாரோ, நிதானமாக. "கல்பு." பல் இல்லாத ஈறுகள் சர்ரென்று உறிஞ்சின. "முனஹிமு." மடக்மடக். பிறகு மகனின் உதட்டிலிருந்து, அவள் இத்தனை வருடமாகக் கேட்க ஏங்கிய சத்தம். "ஹா."

நுமயா அழுதுகொண்டே குவளையைத் திரும்ப நிறைத்தாள். கடைசிப் பெயருக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஊற்றப்போகிறாள். குடம் முழுவதையும். இனி ஒரு நாளும் விடமாட்டாள்.

"யசிரான்," என்றாள். "யசிரான், என் ராசா. குடி."

ஊற்றினாள்.

யாரும் குடிக்கவில்லை.

தண்ணீர் வாய்க்குள் தேங்கி நின்றது. நிறைந்தது. இரண்டு ஓரத்திலும் வழிந்து தாடையில் இறங்கி மார்பில் சொட்டியது. திரும்பவும் சொன்னாள். திரும்பவும் ஊற்றினாள். அந்தப் பெயருக்கு உள்ளே ஆள் இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வழிந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. விரலால் தொட்டாள். சேறு.

"யசிரான்?"

அவள் கையில் இருந்த தலை, அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாத மாதிரி அவளைப் பார்த்தது. பிறகு தெருப்பக்கம் திரும்பியது. கிணற்றுப் பாதையில் காலடிச் சத்தம். பிள்ளைத்தாய்ச்சியின் கனத்த, மெதுவான நடை.

அது வாயைத் திறந்தது.

கீழுதடு இறங்கியது. மார்பைத் தாண்டி. மடியைத் தாண்டி. வாசற்கல்லைத் தொட்டு அதன்மேல் படிந்தது. மேலுதடு உயர்ந்தது. நிலையின் மேற்கட்டையில் முட்டி நின்றது. முகம் இல்லை. தழும்பு இருந்த தோள் இல்லை. உள்ளேயிருந்து பார்த்த நுமயாவுக்குத் தெரு தெரியவில்லை. சாம்பல் நிற வானம் தெரியவில்லை. வாசல் இருந்த அளவுக்கு, வாசலின் வடிவத்தில், இருட்டு.

கத்த நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காய்ந்த நாக்கு.

இருட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. சந்தோஷமான குரல்.

"அத்தை, துறையில படகு வந்திருக்காம். எல்லாரும் ஓடுறாங்க. இருட்டிப்போச்சு, இன்னும் ஏன் விளக்கு வைக்கல?"

தலையில் இருந்த குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஷிம்தி எப்போதும்போல் முட்டி மடக்கிக் குனிந்து, உள்ளே காலெடுத்து வைத்தாள்.